காத்திருக்கக் கற்பித்தவர்: செர்கெய் வினோகிராட்ஸ்கி

சந்தைக்குச் சென்று ஒரு கண்ணாடித் தொட்டியும், நாலைந்து பொன்மீன்களும், இரண்டு பிடி வண்ணக் கூழாங்கற்களும் வாங்கி வந்து, அன்று மாலையே நீர் நிரப்பி மீன்களை விட்டு அழகு பார்ப்பவர் நம் விடுதிகளில் ஆண்டுதோறும் சிலர் உண்டு. தண்ணீர் பளிங்குபோல் இருக்கிறது. மீன்கள் துள்ளி விளையாடுகின்றன. மூன்றாம் நாள் ஒரு மீன் மேல்மட்டத்துக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகிறது. ஒரு வாரம் முடிவதற்குள் இரண்டு மிதக்கின்றன. கடைக்காரர் நோய்ப்பட்ட மீனைத் தலையில் கட்டிவிட்டார் என்பார் ஒருவர். நமக்கு மீன் வளர்க்க ராசியில்லை என்பார் இன்னொருவர். பெரும்பாலும் இரண்டும் காரணமல்ல. அந்த மீன்கள் தாமே வெளியிட்ட கழிவில் நஞ்சேறி மடிந்தன. தெளிவாக இருந்த அந்தத் தண்ணீர் மீன் வாழ்வதற்கு இன்னும் தயாராகியிருக்கவில்லை.

மீனின் செவுள் வழியாக இரவும் பகலும் அமோனியா வெளியேறிக்கொண்டே இருக்கிறது. ஆற்றிலும் குளத்திலும் அந்த அமோனியா தங்குவதில்லை. கண்ணுக்குத் தெரியாத ஒரு கூட்டம் அதை உடனுக்குடன் மாற்றிவிடுகிறது. முதலில் அது நைட்ரைட் ஆகிறது, அதுவும் நஞ்சுதான். பிறகு நைட்ரேட் ஆகிறது. அது மீனுக்கு அவ்வளவு கேடில்லாதது, செடிக்கோ உணவு. புதிய தொட்டியில் அந்தக் கூட்டம் இன்னும் குடியேறவில்லை. அது வந்து பெருகுவதற்கு வாரக்கணக்கில் நாள் பிடிக்கும். மீனை விடுமுன் அதற்கு அவகாசம் கொடுப்பதைத்தான் மீன் வளர்ப்போர் தொட்டியைச் சுழற்சிக்குப் பழக்குவது என்கிறார்கள்.

இந்தக் கூட்டத்தை முதன்முதலாகத் தனியே பிரித்தெடுத்து, அது எதை உண்டு எப்படி வாழ்கிறது என்று உலகுக்குக் காட்டியவர் செர்கெய் வினோகிராட்ஸ்கி. நுண்ணுயிரியல் படிக்கும் நண்பர்கள், சேற்றையும் நீரையும் கண்ணாடிக் குழாயில் அடைத்து ஜன்னலோரம் வைக்கும் சோதனையின் பெயரில் அவரை அறிவார்கள். மற்றவர்களுக்கு அவர் பெயர் புதிதாக இருக்கலாம். அவர் மண்ணை ஆராய்ந்தவர். ஆனால் மீன்தொட்டி வைத்திருக்கும் ஒவ்வொருவரும் அவருக்குக் கடன்பட்டவர்களே. அவருடைய வாழ்க்கை நம்மைப் போன்ற மாணவர்கள் அறிந்துகொள்ளத் தக்கது.

1856ஆம் ஆண்டு, அந்நாளில் ரஷ்யப் பேரரசில் இருந்த கீவ் நகரில், செல்வம் மிகுந்த ஒரு குடும்பத்தில் அவர் பிறந்தார். வயிற்றுக்காகப் படிக்க வேண்டிய நிலை அவருக்கு இல்லை. ஆயினும் எதைப் படிப்பது என்பதில் அவர் பட்ட பாடு சிறிதன்று. கீவ் சர்வகலாசாலையில் முதலில் சட்டம் படிக்கச் சேர்ந்தார், பிடிக்கவில்லை. இயற்கை விஞ்ஞானத்துக்கு மாறினார். அங்கு நடந்த பாடமும் மனத்தைக் கவரவில்லை. எல்லாவற்றையும் விட்டுவிட்டு 1875இல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் சென்று, சங்கீதக் கல்லூரியில் பியானோ பயின்றார். இரண்டு ஆண்டுகளில், வாழ்நாள் முழுவதும் இதுவே தமக்குப் போதாது என்று தெளிந்தார். 1877இல், இருபத்தொன்றாம் வயதில், அந்நகரத்துச் சர்வகலாசாலையில் மீண்டும் இயற்கை விஞ்ஞான மாணவராகச் சேர்ந்தார்.

இந்த முறை மனம் நிலைத்தது. மென்ஷுட்கினிடம் ரசாயனமும் ஃபமின்ட்சினிடம் தாவரவியலும் கற்றார். 1881இல் பட்டம் பெற்றபின் அவர் எடுத்துக்கொண்ட முதல் ஆராய்ச்சி, மதுவின் மேற்பரப்பில் ஆடைபோல் படரும் ஒரு சிறு ஈஸ்ட்டைப் பற்றியது. அதற்குக் கொடுக்கும் உணவில் ஒவ்வொரு பொருளாக மாற்றி, அதனால் அதன் வளர்ச்சி எப்படி மாறுகிறது என்று கவனித்தார். பார்வைக்கு எளிய வேலை. ஆனால், ஓர் உயிரை அறிய வேண்டுமானால் அதன் உருவத்தை மட்டும் பார்த்தால் போதாது, அது எதைக் கேட்கிறது, எதை வேண்டாம் என்கிறது என்று பார்க்க வேண்டும் என்ற பாடம் அங்கேதான் அவர் கையில் ஏறியது. பிற்காலத்து வெற்றிகளெல்லாம் இந்தப் பாடத்தின் விளைவுகளே.

1885இல் ஸ்ட்ராஸ்பர்க் நகருக்குச் சென்று, தாவரவியலில் பெரும்புகழ் பெற்றிருந்த அன்டன் டி பாரியின் ஆராய்ச்சிக்கூடத்தில் சேர்ந்தார். அங்கே அவர் கவனத்தை ஈர்த்தது பெக்கியடோவா என்னும் பாக்டீரியா. கந்தக ஊற்றுகளில் வெண்ணூல்போல் வளர்வது. உடம்புக்குள் கந்தகத் துளிகளைச் சேர்த்து வைத்திருப்பது. அந்தக் கந்தகம் அதற்கு எதற்காக என்பது எவருக்கும் விளங்காத புதிராக இருந்தது.

வினோகிராட்ஸ்கி அந்த நூல்களை மைக்ராஸ்கோப்பின் கண்ணாடித் தகட்டில் வைத்தே வளர்த்தார். கந்தக ஊற்று நீரைப் பொழுதுக்குப் பொழுது மாற்றிக் கொடுத்தார். ஹைட்ரஜன் சல்ஃபைடு உள்ள நீரைக் கொடுத்தபோது உடம்புக்குள் கந்தகத் துளிகள் நிறைந்தன. அதை நிறுத்தியபோது துளிகள் ஒவ்வொன்றாகக் கரைந்து மறைந்தன. கந்தகம் கந்தகாமிலமாக வெளியேறியது. துளிகள் தீர்ந்ததும் வளர்ச்சி நின்று, பிறகு உயிரும் போயிற்று. நமக்குச் சோறு எப்படியோ அப்படி அதற்குக் கந்தகம் என்று 1887இல் அவர் வெளியிட்ட முடிவு விஞ்ஞான உலகுக்கு முற்றிலும் புதியது. விலங்குகள் பிற உயிர்களைத் தின்று வாழ்கின்றன; பச்சைச் செடிகள் சூரிய ஒளியால் வாழ்கின்றன; இவ்விரண்டு வழியே உண்டு என்று எண்ணியிருந்தார்கள். உயிரற்ற கனிப்பொருளை எரித்து அதன் சக்தியில் வாழும் மூன்றாம் வழியும் உண்டு என்பதற்கு முதல் சாட்சி அந்த வெண்ணூலில் கிடைத்தது. 1977இல் ஆழ்கடலின் அடியில், வெயிலே எட்டாத வெந்நீர் ஊற்றுகளைச் சுற்றி விலங்குக் கூட்டங்கள் செழித்திருப்பதை விஞ்ஞானிகள் கண்டு வியந்தார்கள். அங்கே உணவுக்கு அடிப்படையாக இருந்ததும் இதே மூன்றாம் வழிதான்.

1888இல் டி பாரி காலமானார். ஆசிரியரை இழந்த வினோகிராட்ஸ்கி சுவிட்சர்லாந்தின் ஜூரிச் நகருக்குச் சென்றார். அங்கே அவர் எடுத்துக்கொண்ட கேள்வி மிகப் பழையது. அமோனியா நைட்ரேட் ஆவது எதனால்?

இந்தக் கேள்வியின் ஒரு வேர் நம் நாட்டிலும் இருக்கிறது. மாட்டுத் தொழுவத்து மண்ணிலும் பழைய வீட்டுச் சுவரடி மண்ணிலும் பூக்கும் உப்பைக் கழுவிக் காய்ச்சி வெடியுப்பு எடுப்பது பீகாரில் நெடுங்காலம் நடந்து வந்த தொழில். ஐரோப்பியக் கம்பெனிகள் அதைக் கப்பல் கப்பலாக ஏற்றிச் சென்று வெடிமருந்து செய்தன. கோமூத்திரம் விழுந்த மண்ணில் வெடியுப்பு விளையும் என்பது உழவருக்கும் தெரியும், வணிகருக்கும் தெரியும். ஏன் விளைகிறது என்பதுதான் தெரியாமல் இருந்தது. காற்றிலுள்ள பிராணவாயு மண்ணில் பட்டு அமோனியாவைத் தானே மாற்றுகிறது, அது வெறும் ரசாயன வினை என்றே பலர் நம்பினார்கள்.

1877இல் பிரான்ஸில் ஷ்லோசிங், முன்ட்ஸ் என்ற இருவர் ஓர் அழகான சோதனை செய்தார்கள். நீண்ட குழாயில் சூடாக்கிய மணலையும் சுண்ணாம்புக்கல் பொடியையும் நிரப்பி, மேலிருந்து சாக்கடை நீரை மெல்ல மெல்லச் சொட்டவிட்டார்கள். அது அடிவரை இறங்க எட்டு நாள் ஆயிற்று. வெறும் ரசாயன வினையானால் முதல் துளியிலேயே மாற்றம் தெரிய வேண்டும். ஆனால் இருபது நாள் வரை, மேலே ஊற்றிய அமோனியா அப்படியே கீழே வந்தது. பிறகு நைட்ரேட் தலைகாட்டியது. நாளுக்கு நாள் கூடியது. கடைசியில் அமோனியாவே இல்லாமற் போயிற்று. குழாயில் குளோரோஃபார்ம் ஆவியைச் செலுத்தியபோது மாற்றம் நின்றது. ஆவியை நீக்கி, சிறிது மண்கழுவிய நீரை ஊற்றியபோது மீண்டும் தொடங்கியது. மயக்கமருந்துக்கு மயங்குவது உயிராகத்தானே இருக்க வேண்டும்? இன்று மீன்தொட்டியின் வடிகட்டியில் நடப்பது ஏறக்குறைய இதே சோதனைதான். அந்த இருபது நாள் தாமதம்தான் இன்று அவசரக்காரரின் மீன்களைக் கொல்கிறது.

இங்கே ஒரு தந்தையையும் மகனையும் நினைவுகூர வேண்டும். இருவர் பெயரும் ராபர்ட் வாரிங்டன். தந்தை லண்டனில் மருந்தாளர் மன்றத்தில் ரசாயன நிபுணர். 1849இல் பன்னிரண்டு காலன் தொட்டி ஒன்றில் இரண்டு பொன்மீன்களையும் வாலிஸ்நேரியா என்ற நீர்ச்செடியையும் வைத்து, அழுகும் இலைகளைத் தின்னச் சில நத்தைகளையும் விட்டார். மீனும் செடியும் ஒன்றையொன்று தாங்கி வாழ்வதை 1850இல் ரசாயனச் சங்கத்துக்கு அறிவித்தார். வீட்டுக்குள் மீன்தொட்டி வைக்கும் வழக்கத்துக்கு விஞ்ஞான அடிப்படை இட்டவர்களில் அவர் முக்கியமானவர். செடி பிராணவாயு தருகிறது, மீன் கரியமிலவாயு தருகிறது என்ற கொடுக்கல் வாங்கலை அவர் கண்டார். அமோனியாவின் கணக்கு அவர் கண்ணுக்கு எட்டவில்லை. அந்தக் கணக்கைத் தேடியவர் மகன். இங்கிலாந்தில் ராதம்ஸ்டெட் விவசாய ஆராய்ச்சி நிலையத்தில் பல ஆண்டுகள் உழைத்து, இந்த மாற்றம் இரண்டு படிகளில் நடக்கிறது, இரண்டுக்கும் வெவ்வேறு கிருமிகள் இருக்க வேண்டும் என்ற அளவுக்கு வந்துவிட்டார். ஆனால் அந்தக் கிருமிகள் அவர் கைக்குச் சிக்கவில்லை. தந்தை தொட்டியை அமைத்தார். மகன் அந்தத் தொட்டியில் நடப்பதன் வாசற்படி வரை சென்று நின்றுவிட்டார்.

ஏன் சிக்கவில்லை? அந்நாளில் கிருமிகளைப் பிரித்தெடுக்க எல்லோரும் கையாண்ட முறை, ராபர்ட் கோக் புகழ்பெறச் செய்தது: மாமிசச் சாறு கலந்த ஜெலட்டின் தட்டில் கிருமிகளைத் தூவி, எது திட்டாக வளர்கிறது என்று பார்ப்பது. நோய்க்கிருமிகள் அதில் அருமையாக வளர்ந்தன. ஆகவே நல்ல விருந்து வைத்தால் எந்தக் கிருமியும் வரும் என்று எண்ணிவிட்டார்கள். விருந்துக்கு மற்றவையெல்லாம் வந்தன. தேடிய ஒன்று மட்டும் வரவில்லை.

வினோகிராட்ஸ்கி எதிர்த்திசையில் சிந்தித்தார். கந்தகத்தை உண்ணும் பாக்டீரியாவைப் பார்த்தவர் அல்லவா? அமோனியாவை உண்ணும் உயிர் ஒன்று இருக்குமானால் அதற்கு மாமிசச் சாறு எதற்கு? விருந்தை அகற்றினார். ஜூரிச் ஏரியின் தூய நீரில் சிறிது அமோனியம் சல்ஃபேட்டும் பொட்டாசியம் பாஸ்ஃபேட்டும் கரைத்தார். குடுவையின் அடியில் மக்னீசியம் கார்பனேட்டைத் தூவினார். சிறிதளவு மண்ணை இட்டார். அவ்வளவே. சர்க்கரை இல்லை, சாறு இல்லை, வேறு எந்த உயிர்ப்பொருளும் இல்லை. வேறு கிருமிகளுக்கு அது பட்டினி. தாம் தேடிய உயிருக்கு மட்டும் அது சாப்பாடு. ஒரு குடுவையில் வினை நடந்ததும் அதிலிருந்து ஒரு துளியை அடுத்த குடுவைக்கும், அதிலிருந்து அதற்கடுத்த குடுவைக்கும் மாற்றிக்கொண்டே போனார். பட்டினி தாங்காதவை வழியிலேயே உதிர்ந்தன.

அமோனியா குறைந்தது, நைட்ரைட் பிறந்தது; ஆனால் நீரோ கலங்காமல் தெளிவாகவே இருந்தது. கிருமிகள் எங்கே? அடியில் தங்கிய கார்பனேட் துகள்களை எடுத்து மைக்ராஸ்கோப்பில் பார்த்தார். துகள்களைப் பற்றிக்கொண்டு, அவற்றைப் போர்த்தியதுபோல் முட்டைவடிவச் சிற்றுயிர்கள் திரண்டிருந்தன. நண்பர்கள் இதைக் கவனிக்க வேண்டும். இவை பெரும்பாலும் நீரில் மிதந்து திரிபவை அல்ல; ஏதேனும் ஒரு பொருளைப் பற்றிக்கொண்டு வாழ்பவை. நம் தொட்டியிலும் அவை வடிகட்டியின் பஞ்சிலும் கூழாங்கல்லிலுமே இருக்கின்றன. பழைய தொட்டியின் தண்ணீரைக் கொண்டுவந்து புதிய தொட்டியில் ஊற்றுவதால் பெரும்பயன் இல்லை, பழைய பஞ்சைக் கொண்டுவருவதால்தான் பயன் என்பதன் காரணம் அந்த ஜூரிச் குடுவையின் அடியிலேயே தெரிந்துவிட்டது.

இன்னும் சில வேற்றுக்கிருமிகள் ஒட்டிக்கொண்டிருந்தன. அவற்றை நீக்க அவர் கையாண்ட தந்திரம் சிரிப்பையும் வியப்பையும் ஒருங்கே தருவது. எல்லோரும் ஜெலட்டின் தட்டில் எது வளர்கிறது என்று பார்த்தார்கள். அவர் எங்கே ஒன்றும் வளரவில்லை என்று பார்த்தார். துகள்களை ஜெலட்டினில் பரப்பி நாள்கணக்கில் வைத்து, எந்தத் துகளைச் சுற்றித் திட்டு எழவில்லையோ அந்தத் துகளை எடுத்துத் தம் குடுவையில் இட்டார். ஜெலட்டினை விரும்பாததே தாம் தேடியது என்பது அவர் கணக்கு, கணக்குத் தப்பவில்லை. பிறகு உயிர்ப்பொருளே இல்லாத சிலிகாக் கூழைத் தட்டில் ஊற்றி அதன்மேல் அவற்றை வளர்த்துக் காட்டினார். 1890இல் பாஸ்டர் நிலையத்து ஆராய்ச்சி ஏட்டில் இந்தக் கட்டுரைகள் வெளிவந்தன. அமோனியாவை நைட்ரைட் ஆக்கும் பாக்டீரியாவை அடுத்து, நைட்ரைட்டை நைட்ரேட் ஆக்கும் வேறொன்றையும் 1891இல் அவர் கண்டுபிடித்தார். நைட்ரோசோமோனாஸ், நைட்ரோபாக்டர் என்னும் பெயர்கள் அவர் இட்டவை.

உயிர்ப்பொருள் ஏதும் இல்லாத குடுவையில் வாழும் இவற்றின் உடம்பு எதிலிருந்து வந்தது? வினோகிராட்ஸ்கி அளந்து பார்த்தார். கரியமிலவாயுவிலிருந்தே அவை கரியை எடுத்துத் தம் உடம்பைக் கட்டுகின்றன. அதற்கு வேண்டிய சக்தியை ஒளியிலிருந்து எடுக்காமல், அமோனியாவை எரித்துப் பெறுகின்றன. ஆனால் அந்த அடுப்பு மிக மங்கலாக எரிவது. ஒரு பங்கு கரியைச் சேர்க்க ஏறக்குறைய 35 பங்கு நைட்ரஜனை அவை எரிக்க வேண்டியிருந்தது. வரவு சிறிது, செலவு பெரிது. ஆகவே குடும்பம் மெதுவாகத்தான் பெருகும். நம் குடலில் வாழும் பாக்டீரியா நல்ல உணவில் இருபது நிமிஷத்தில் இரண்டாகும். இவையோ இரண்டாகப் பல மணி நேரமும், சில வேளைகளில் ஒரு நாளும் அதற்கு மேலும் எடுத்துக்கொள்ளும். புதிய தொட்டிக்கு ஏன் நாலு வாரம், ஆறு வாரம் காத்திருக்க வேண்டும் என்ற கேள்விக்கு இதைவிட நேரான விடை கிடையாது.

முப்பத்தைந்து வயதை எட்டுமுன் இவ்வளவும் செய்தவருக்குப் பாஸ்டர் நிலையத்திலிருந்து அழைப்பு வந்தது. ஆனால் அவர் 1891இல் தாய்நாட்டுக்கே திரும்பி, பீட்டர்ஸ்பர்க்கில் புதிதாகத் தொடங்கியிருந்த பரிசோதனை மருத்துவ நிலையத்தில் சேர்ந்தார். அங்கே, காற்றிலுள்ள நைட்ரஜனையே பிடித்து உணவாக்கிக்கொள்ளும், மண்ணில் தனித்து வாழும் பாக்டீரியா ஒன்றைப் பிரித்தெடுத்தார். அதற்குப் பாஸ்டரின் நினைவாகப் பெயரிட்டார். தமக்குக் கிடைத்த அழைப்பை ஏற்காவிடினும் பெரியவரை அவர் மறக்கவில்லை. பின்னர் அந்த நிலையத்தின் தலைவராகவும் இருந்தார். உடல்நலம் குன்றவே, 1905இல் ஆராய்ச்சியை விட்டு, போடோலியா வட்டாரத்தில் கோரோடோக் என்ற இடத்தில் இருந்த தம் பண்ணைக்குச் சென்று, நிலத்தையும் காட்டையும் பார்த்துக்கொண்டு வாழ்ந்தார். அவருடைய விஞ்ஞான வாழ்க்கை முடிந்துவிட்டது என்றே அப்போது எவரும் நினைத்திருப்பர்.

1917இல் புரட்சி வந்தது. உள்நாட்டுப் போர் தொடர்ந்தது. பண்ணையும் செல்வமும் போயின. அறுபது வயதைக் கடந்தவர் நாட்டை விட்டு வெளியேறி, சுவிட்சர்லாந்துக்குச் சென்று, பிறகு பெல்கிரேடில் ஆசிரியராக அமர்ந்தார். 1922இல், அப்போது பாஸ்டர் நிலையத்தின் தலைவராக இருந்த எமில் ரூ அவரை அழைத்தார். முப்பது ஆண்டுகளுக்கு முன் வந்த அழைப்பு, அகதியாக நின்ற காலத்தில் மீண்டும் வந்தது. இம்முறை ஏற்றார். பாரிஸுக்கு அருகே பிரி-கோம்ட்-ராபேர் என்னும் சிற்றூரில் அவருக்காக ஓர் ஆராய்ச்சிக்கூடம் அமைந்தது. பதினேழு ஆண்டுகள் கழித்து, அறுபத்தாறாம் வயதில், அவர் மறுபடியும் குடுவைகளைக் கையில் எடுத்தார்.

அங்கே அவர் செய்தது முதுமைக்கால ஓய்வு வேலையன்று. ஆராய்ச்சிக்கூடத்தில் கொழுத்த உணவில் பல தலைமுறை வளர்ந்த கிருமியைப் பார்த்து மண்ணில் நடப்பதைச் சொல்லக்கூடாது. மண்ணிலேயே, அதன் இயல்பான பசியில், அதன் அண்டை அயலாரோடு அதைப் பார்க்க வேண்டும் என்று அவர் வலியுறுத்தினார். மண்ணில் என்றும் அமைதியாக இயங்கிக்கொண்டிருக்கும் கூட்டம் ஒன்று. உணவு விழுந்ததும் திடீரெனப் பொங்கி எழுந்து, அது தீர்ந்ததும் அடங்கிவிடும் கூட்டம் மற்றொன்று என்று 1925இல் பிரித்துக் காட்டினார். 1949இல், தொண்ணூறு வயதைக் கடந்த நிலையில், ஐம்பது ஆண்டு உழைப்பையும் திரட்டி மண்ணின் நுண்ணுயிரியல் என்னும் பெருநூலைப் பிரெஞ்சு மொழியில் வெளியிட்டார். 1953 பிப்ரவரியில், தொண்ணூற்றாறாம் வயதில், அந்தச் சிற்றூரிலேயே மறைந்தார்.

அவருக்குப் பின் அந்தக் கதை நீண்டுகொண்டே வந்திருக்கிறது. நன்னீர் மீன்தொட்டிகளில் நைட்ரைட்டை மாற்றுவது பெரும்பாலும் நைட்ரோபாக்டர் அல்ல, நைட்ரோஸ்பைரா என்னும் வேறு இனம் என்று 1998இல் தெரிந்தது. பல தொட்டிகளின் வடிகட்டியில் அமோனியாவை மாற்றுவோரில் மிகுதியானவை பாக்டீரியாவே அல்ல, ஆர்க்கியா என்னும் வேறு குலத்தவை என்று 2011இல் வெளியான ஆராய்ச்சி காட்டியது. இரண்டு படிகளையும் ஒரே உயிர் செய்யமுடியும் என்பது 2015இல் நிறுவப்பட்டது. அப்போது கிடைத்த உயிர்களில் சில, மீன் வளர்ப்பு அமைப்பு ஒன்றின் வடிகட்டியிலிருந்தே வந்தவை. பெயர்கள் மாறின, ஆட்கள் கூடினர். ஆனால் அமோனியாவை எரித்து, கரியமிலவாயுவால் உடம்பைக் கட்டி, மெதுவாகப் பெருகும் உயிர்கள் உண்டு என்ற அடிப்படை மாறவில்லை. கிருமியை அதன் சொந்த இடத்தில் பார் என்று முதுமையில் அவர் சொன்னதைக் கேட்டவர்களே இவற்றைக் கண்டார்கள்.

தொட்டி வைக்க விரும்பும் நண்பர்களுக்கு அவர் குடுவை சொல்லும் வழி இதுதான். தொட்டியில் நீர் நிரப்பி, குளோரினை நீக்கும் மருந்தை இட்டு, வடிகட்டியை இரவு பகலாக ஓடவிட வேண்டும். மீனுக்குப் பதிலாக, வாசனைப்பொருளோ சோப்போ கலவாத அமோனியாவைச் சிறிது இடவேண்டும். லிட்டருக்கு 2 மில்லிகிராம் அளவு போதும். மீன் தீனியைச் சிறிது இட்டு அழுகவிட்டாலும் அமோனியா உண்டாகும். ஆனால் அளவு நம் கையில் நிற்காது. கடைகளில் விற்கும் சோதனை மருந்துகளால் அவ்வப்போது பார்த்துவர வேண்டும். முதலில் அமோனியா குறையும், நைட்ரைட் ஏறும். பிறகு நைட்ரைட்டும் இறங்கி நைட்ரேட் மட்டும் மிஞ்சும். இட்ட அமோனியாவும் அதிலிருந்து பிறந்த நைட்ரைட்டும் ஒரே நாளில் முழுவதும் மறைந்தால் தொட்டி தயார். அதன்பின் நீரில் பெரும்பகுதியை மாற்றிவிட்டு, மீன்களைச் சிலசிலவாக விடலாம். நன்றாக நடக்கும் தொட்டி வைத்திருக்கும் நண்பரிடம் ஒரு துண்டுப் பஞ்சு கேட்டு வாங்கினால் காத்திருப்பு வெகுவாகக் குறையும். பஞ்சைக் குழாய்நீரில் கழுவக்கூடாது. அதிலுள்ள குளோரின் குடிவந்தவர்களையெல்லாம் கொன்றுவிடும். தொட்டியிலிருந்து எடுத்த நீரிலேயே அலசவேண்டும்.

இன்னொன்று விடுதியில் இருப்போர் குறித்துக்கொள்ள வேண்டியது. வினோகிராட்ஸ்கி குடுவையில் கார்பனேட்டை வீணாகத் தூவவில்லை. அமோனியா மாறும்போது அமிலம் பிறக்கிறது. அதைக் கார்பனேட் தணிக்காவிட்டால் அந்த அமிலமே கிருமிகளின் வேலையை முடக்கிவிடும். குடிநீர் இயந்திரத்தில் உப்பெல்லாம் நீக்கி வரும் ஆர்.ஓ. தண்ணீரில் கார்பனேட் மிகவும் குறைவு. அதை மட்டும் நிரப்பிய தொட்டியில் சுழற்சி தொடங்கி, பாதியில் நின்றுபோகக்கூடும். நமக்கு மிகச் சுத்தமானது என்பதால் தொட்டிக்கும் அது மிக நல்லது என்று எண்ணலாகாது.

நாலு வாரம் வெறும் தண்ணீரை வைத்துக்கொண்டு காத்திருப்பதா என்று அறைத்தோழர் கேலி செய்வார். அது வெறும் தண்ணீர் அல்ல. ஒன்றும் வளராத இடத்தில் தேடி, தெளிந்த நீரின் அடியில் ஒரு பெருங்கூட்டத்தைக் கண்டவர் வினோகிராட்ஸ்கி. அவர் வாழ்க்கையிலும் வெளிப்பார்வைக்கு ஒன்றும் நிகழாத காலங்கள் இருந்தன: சட்டத்திலும் சங்கீதத்திலும் கழிந்த இளமை, பண்ணையிலும் அகதி வாழ்விலும் கழிந்த பதினேழு ஆண்டுகள். அவற்றை வீண் என்று எண்ணி அவர் ஒதுங்கிப் போயிருந்தால் 1890ஆம் ஆண்டுக் கட்டுரைகளும் இல்லை, 1949ஆம் ஆண்டு நூலும் இல்லை. ஆராய்ச்சியில் ஈடுபட்டிருக்கும் நம்மில் பலருக்கு மாதக்கணக்காக முடிவு ஏதும் தெரியாமல் குடுவை தெளிவாகவே நிற்பது பழக்கமான காட்சி. அப்போது அடியில் தங்கிய துகள்களையும் ஒருமுறை எடுத்துப் பார்ப்பது நல்லது.